ஜெயராணி சொல்லாத ஆமென்

"நாளைக்கே எங்க ஜெயராணி எழுந்து நடந்து வந்து சபையில சாட்சி சொல்லப் போறாங்க, ஆண்டவரே" என்று ஜெபத்தை முடித்தார் எஸ்தர் அக்கா.

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் ஆமென் என்றார்கள். கட்டிலில் கிடந்த ஜெயராணி மட்டும் சொல்லவில்லை. கண்ணென்னவோ திறந்துதான் இருந்தது. நேற்றும் இப்படித்தான்.

எஸ்தர் அக்கா நல்ல மனுஷி. சபையில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக ரசத்தோடு வந்து நிற்பார். என்ன, ஜெபிக்க ஆரம்பித்தால் மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும். அவரே இப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெயராணியின் மகள் இசைவாணியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மாவுக்கு விசுவாசம் தளந்துடுச்சோன்னு பயமா இருக்கும்மா. எப்படியாவது ஆமென் சொல்ல வை."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னபோது, கடலூர் வந்து சேரும்வரை ஆம்புலன்ஸில் அவளும் ஆண்டவரிடம் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அம்மா பிழைக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா ஆமென் சொல்ல மாட்டேங்கற?"

ஜெயராணி மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள். "ஆமென்னா அப்படியே ஆவட்டும்னு அர்த்தம். எழுந்து நடக்கணும்னு நான் கேக்கலியேடி. களைச்சிட்டேன். பயமாவும் இருக்கு. அதுக்கு யாரும் ஜெபம் பண்ண மாட்டேங்கறாங்க."

இசைவாணி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ பண்ணு. சின்னதா."

அவளுக்கு வாய் வரவில்லை. அப்படி ஜெபித்தால், போய் வா என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அம்மா பயத்தோடே போவாள். சின்ன வயதிலிருந்து பழகிய 'சுகமாக்கும்', 'எழுப்பும்' என்ற ஜெப வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஒவ்வொன்றையும் விழுங்கினாள்.

"ஆண்டவரே, அம்மா களைச்சிட்டாங்க. பயப்படறாங்க. கூடவே இருங்க. கைய விட்டுடாதீங்க." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு அனுப்ப மனசு வரல. அதையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"ஆமென்" என்றாள் ஜெயராணி. சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தங்கராசு கரண்டியோடு எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரல் தெளிவாக வந்தது.

பிறகு அவர் கொடுத்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்தாள். உப்பு ஜாஸ்தி என்று குறை சொன்னாள். தூங்கினாள். வெயில் தாழ்ந்த நேரத்தில், மகளின் கை அவள் கைக்குள் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. முகத்தில் கலக்கமில்லை. இசைவாணி அழுதாள். ஆனால் மனதில் பயந்தபடி எதுவும் இடிந்து விழவில்லை.

செய்தி கேட்டு எஸ்தர் அக்கா ஓடிவந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"கடைசியா ஆமென் சொன்னாங்களா?"

"சொன்னா" என்றார் தங்கராசு.

"எந்த ஜெபத்துக்குண்ணா?"

சபையில் ஒருநாளும் வாய்விட்டு ஜெபிக்காத மனிதர் அவர். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "களைச்சிட்டா, பயப்படறா, கூடவே இருங்க. கைய விட்டுடாதீங்க. அவ்ளோதான்."

எஸ்தர் அக்கா ஜெபிக்க எழுந்து நிற்கவில்லை. ஜெயராணியின் கால்மாட்டில் உட்கார்ந்து, விலகியிருந்த புடவையை மெல்ல இழுத்துப் பாதங்களை மூடினார்.