படிக்கட்டு வீடு

புதன்கிழமை சாயங்காலம் மூன்றாவது தடவையாக அந்தக் கதவைத் தட்டினாள் கேள்விக்காரி. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். எந்தச் சோப்புத்தூள் வாங்குகிறீர்கள், வாசனை பிடித்திருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்டு எழுதும் வேலை. உள்ளே விளக்கு எரிந்தது. ஏதோ பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டது. கழுத்தில் தொங்கும் அட்டையைக் கண்டாலே மூச்சுக்காட்டாமல் பதுங்கிக்கொள்ளும் வீடுகள் அவளுக்குப் புதிதா என்ன?

"உள்ள இருந்துக்கிட்டே ஆட்டம் காட்டுறாங்க," என்று முனகினாள்.

திறக்காத வீடென்றால் மேற்பார்வையாளரிடம் மாற்று வீடு கேட்டு வாங்க வேண்டும். அதற்குள் பொழுது போய்விடும். பன்னிரண்டு படிவம் நிறையாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கையில் பதினொன்றுதான் இருந்தது. வயதான அம்மா ஒருத்தர் தனியாக இருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். அது போதும். படிக்கட்டில் உட்கார்ந்து தானே எழுதினாள். வயது அறுபத்தைந்து. வெண்மை: திருப்தி. வாசனை: மிகவும் திருப்தி. இந்தத் தொழிலில் இதற்குப் 'படிக்கட்டு வீடு' என்று பெயர். எழுதாத கை கிடையாது. தேதி போட்ட நன்றிச் சீட்டையும் மாதிரிப் பாக்கெட்டையும் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை அந்தச் சீட்டோடு அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். அந்த அம்மாவின் மகன். வெளியூரில் வேலை.

"அம்மா செவ்வாய்க்கிழமையே வழுக்கி விழுந்துட்டாங்களாம். எந்திரிக்க முடியாம தரையிலயே கெடந்து, வியாழக்கிழமைதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா நீங்க புதன்கிழமை பேசியிருக்கீங்களேம்மா. அப்ப டாக்டர் சொல்றது தப்புதானே?"

பாத்திரம் உருண்ட சத்தம் காதுக்குள் மறுபடி கேட்டது. அந்த அம்மா ஒளிந்துகொள்ளவில்லை, கூப்பிட்டிருக்கிறார்.

மேற்பார்வையாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு முறை இப்படி எழுதிப் பிடிபட்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்தவள் அவள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். வீட்டில் மூன்று வயிறு அவளை நம்பி இருந்தன.

"நல்லாத்தான் இருந்தாங்க சார்."

"நின்னுக்கிட்டா பேசினாங்க?" என்று கேட்டார் மகன்.

"ஆமா சார்."

"என்ன சொன்னாங்க?"

படிவத்தைப் பார்த்தே சொன்னாள். "வாசனை ரொம்பப் புடிச்சிருக்குன்னாங்க."

மகன் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "இது போதும்மா. உங்களுக்கு ரொம்ப நன்றி," என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

அவர் போனதும் மேற்பார்வையாளர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"பத்துக்கு ஒரு வீடு நேர்ல போய் விசாரிக்கணும். இதுக்கு வீட்டு ஆளே வந்துட்டாரு, அலைச்சல் மிச்சம்."

'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். மை காய இரண்டு தடவை ஊதிவிட்டு மற்றப் படிவக் கட்டோடு சேர்த்தார்.