பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் சிறப்பிதழுக்கு முத்து வருகிற மாதிரி ஒரு கதை கேட்டார்கள். தூத்துக்குடிக்காரன் என்றால் சட்டைப்பையில் நாலு முத்தாவது வைத்திருப்பான் என்று சென்னையில் ஒரு நம்பிக்கை உண்டு. முத்துக்குளிப்பு நின்று ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. நான் முத்தைப் பார்த்ததெல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான். ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று ஒப்புக்கொண்டு, விஷயம் தேடி ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னணு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இறந்துபோன மகளின் குரலைத் தேடிக்கொண்டு வந்தாள். எனக்குக் கதை கிடைத்தது. அவளுக்குக் குரல் கிடைக்கவில்லை.

(எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். இது நான் கட்டியது. செங்கல் சிமெண்ட் செலவில்லை.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"முத்துநகரின் கடல் அன்று ஏனோ மௌனமாக..."

வேண்டாம். கடல் அன்று எப்படி இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை. காப்பகத்து ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

"டெரன்ஸ் மூச்சை அடக்கித் தலைகீழாக இறங்கியபோது..."

இதுவும் வேண்டாம். டெரன்ஸ் என்ற சங்குகுளிப்பவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன்.

"விஜிலா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு..."

இது நடந்தது. செருப்பைக் கழற்றும்படி அங்கே யாரும் சொல்லவில்லை. மாதா கோவிலுக்குள் போகிறவளைப்போல அவளாகவே கழற்றினாள். ஆனால் அவள் வருவதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

3

காப்பகத்துக்குப் பொறுப்பாளர் பத்மஸ்ரீ. ஆழ்வார்திருநகரிப் பெண், முப்பது வயதிருக்கும், வேலையில் உண்மையான பிரியம் உள்ளவர். கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஏட்டுச்சுவடிகள். பழைய துறைமுக வரைபடங்கள். கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்கள். அதில் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் சிப்பிக் குவியலின் மேல் காலை வைத்து நிற்கிறான். முத்துக்களைத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். கோவில்பட்டித் தீப்பெட்டிப் படங்கள். சப்பரத் திருவிழா நோட்டீசுகள். யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ. ஓடாமல் நின்றுபோன தோணிகளின் பெயர்ப்பலகைகள்.

"எவ்வளவு வெரைட்டி பாருங்க சார். ஓலை, கண்ணாடி, பித்தளை, ஃபிலிம், டேப்... இனிமே எதுவும் அழியாது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஓலையும் பித்தளையும் திரைக்குள் போனபின் ஒன்றுபோலவே இருந்தன. எதற்கும் வாசனை இல்லை.

(இந்த வரியைப் பிறகு சேர்த்தேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது தோன்றியதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதுதான்.)

4

முத்து வேண்டுமென்று கேட்டதற்குப் பத்மஸ்ரீ ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பேராசிரியர் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் வீடு வீடாகப் போய்க் கேசட்டில் பதிந்தவற்றுள் ஒன்று. பேசுகிறவர் டெரன்ஸ். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் அல்ல, பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் அத்தனை சுத்தம்.

பேராசிரியர் முத்தைப் பற்றிக் கேட்கிறார். "முத்தா? அது எங்கப்பா காலத்தோட போச்சு சார். நான் சங்குல்லா எடுக்கேன்" என்கிறார் டெரன்ஸ். பேராசிரியர் விடவில்லை, மறுபடியும் முத்துக்கே வருகிறார். (என்னைப்போல.) டெரன்ஸ் பேச்சைக் காதுக்குத் திருப்புகிறார்.

"கீழ எறங்க எறங்க காதுக்குள்ள சுத்தியல வச்சி அடிச்ச மாரி இருக்கும். தாங்கிக்கிடணும். ஒரு கட்டத்துல பட்டுனு விட்டுரும். விட்டுட்டுன்னா அதுக்குப் பொறவு..."

இங்கே ஒரு மௌனம். மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. பிறகு பேராசிரியரின் குரல்: "பாப்பா, சத்தம் போடாதே." டெரன்ஸ் சிரிக்கிறார்.

எனக்குப் புல்லரித்தது. சத்தமே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் குழந்தையை அதட்டுகிறார், இன்னொருவர் சிரிக்கிறார்! அந்த வீட்டில் ஒரு குழந்தையின் ஆவி, அது அந்த இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிறது என்று அங்கேயே மனசுக்குள் கதை கட்ட ஆரம்பித்துவிட்டேன். தலைப்புகூட வைத்தேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

5

அப்போதுதான் விஜிலா உள்ளே வந்தாள். உப்புப் பொட்டலம் போடும் கம்பெனியில் வேலை. ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தாள். டெரன்ஸின் மனைவி என்று சொன்னதும் பத்மஸ்ரீ எழுந்து நாற்காலி போட்டார்.

"எங்க கோயில் பயலுவ போன்ல பாத்துட்டு வந்து சொன்னானுவ, 'எத்த, மாமா பேர் நெட்டுல கெடக்கு, பேசுன டேப்பு இருக்கு'ன்னு. அன்னைலருந்து வீட்டுல அவிய என்னை இருக்க விடல. போ, போய்க் கேட்டுட்டு வான்னு."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே அக்கா?"

"அவியளுக்குக் காது ரெண்டும் போயிட்டும்மா. கடலுக்குள்ள அடிச்சதுதான். வந்து என்ன கேக்கப்போறாவ? நான் கேட்டுட்டுப் போய்ச் சொல்லணும்."

தன் குரலைத் தானே கேட்க முடியாத மனிதர் மனைவியை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அதுவும் கதைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தேடி வந்தது அவருடைய குரலை இல்லை.

"அந்த சார் வந்த அன்னைக்கு எம்புள்ள கிரேசி இருந்தா. நாலு வயசு. ஒரு குட்டிச் சங்க வாயில வச்சி ஊதிக்கிட்டே கெடந்தா. ஓட்டை போடாத சங்கு எங்க ஊதும்? சத்தம் வரலன்னதும் வாயாலயே சத்தம் போட்டா. அந்த சார் கோவப்பட்டு அதட்டுனாரு. அடுத்த மழைக்கு மூளைக்காச்சல் வந்து போயிட்டா. போட்டோ ஒண்ணு இருக்கு. சத்தம் எங்கயும் இல்ல, இதுல மட்டும்தான் இருக்கும்."

நான் பத்மஸ்ரீயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

6

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் விஜிலாவை அழவைத்தேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அழுகை வேண்டியிருந்தது எனக்கு. அவள் அழவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

பத்மஸ்ரீ ஹெட்போனை அவளுக்கு மாட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கணவரின் இளவயதுக் குரல் வந்ததும் உதட்டில் ஒரு சின்ன அசைவு. பிறகு உடம்பை முன்னால் சாய்த்தாள். அந்த இடம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வந்தது, போனது. கண்ணைத் திறந்தாள்.

"அதட்டுறது கேக்கு. எம்புள்ள எங்க?"

பத்மஸ்ரீ திரும்பப் போட்டார். மறுபடியும் போட்டார்.

"அவிய சிரிக்காவல்லா. அவா ஊதுனதுக்குத்தான் சிரிச்சாவ. அது எங்கம்மா?"

திரையில் அந்தப் பதிவுக்குக் கீழே இருந்த குறிப்பைப் பத்மஸ்ரீ விரலால் தொட்டார். நான்தான் வாசித்தேன். ஒலித்தரம்: மிக நன்று. பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது.

7

கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியவர்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவு அப்படி. மின்விசிறி, காக்கா, லாரி ஹாரன், குழந்தைச் சத்தம் எல்லாம் இரைச்சல். பேட்டி கொடுப்பவரும் எடுப்பவரும் மட்டும் குரல். ஒருவர் உட்கார்ந்து அந்த இடங்களைத் தேடித்தேடி ஊமையாக்கியிருக்கிறார். சரியாகத்தான் செய்திருக்கிறார். டிஸ்கில் இடம் போதாதென்று சுத்தம் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார்கள்.

"அசல் கேசட்டு?" என்று கேட்டேன்.

"கீழ் ரூம்ல வச்சிருந்தோம் சார். டிசம்பர் வெள்ளத்துல..." பத்மஸ்ரீக்கு அழுகை வந்துவிட்டது. "அதுக்கு முன்னாடியே ஏத்தி முடிச்சுட்டோம்னு எல்லாரும் எங்களைப் பாராட்டினாங்க."

(ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஊரே மூழ்கிய வெள்ளம். அதில் நாலு பெட்டி கேசட்டுக்காக யார் அழுவார்கள்? இந்த அடைப்புக்குறிகளையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர், படிக்கிறவனுக்கு இடைஞ்சலாம். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கதை திரும்பி வந்துவிட்டது.)

விஜிலா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன்.

"அவிய வாசல்லயே உக்காந்திருப்பாவ அண்ணாச்சி. பேசவே வேண்டாம். என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாவ" என்றாள். பஸ் வந்தது.

8

அவள் வீடு போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் சிரித்த முகத்தோடு போகிறாள். கேட்டேன் என்று தலையாட்டுகிறாள். டெரன்ஸ் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். இப்படிப் பொய் சொல்ல அவளை யார் பழக்கினார்கள்? நான்.

இரண்டாவதில் அவள் இல்லையென்று கையை விரிக்கிறாள். அவர் எழுந்து கடலைப் பார்க்க நடக்கிறார். கதையில் துக்கப்படுகிற எல்லாரும் எதற்குக் கடலைப் பார்க்கவே நடக்கிறார்கள்? திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்து நடந்தால் ஐஸ் கம்பெனிச் சுவர்தான் இடிக்கும்.

மூன்றாவதில் பத்மஸ்ரீ பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். சுத்தம் செய்யாத பதிவு அதில் இருக்கிறது. மின்விசிறி, காக்கா, லாரி, அவற்றின் நடுவே கிரேசி. அந்தக் குழந்தைக்கு நானே வசனம் எழுதினேன். "அப்பா, இந்தச் சங்கு ஏன் அழமாட்டேங்குது?" எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன்.

பத்மஸ்ரீ உண்மையிலேயே தேடினார். இருந்த டிஸ்குகளையெல்லாம் தேடிவிட்டு ஒரு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தார். ஒன்றும் இல்லை.

9

உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று விஜிலாவைக் கூப்பிட்டேன். கம்பெனி இடைவேளையில் பேசினாள். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம், தட்டுகள் உரசும் சத்தம். மூன்றாவது முடிவை வாசித்துக் காட்டினேன். முட்டாள்தனம்தான். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா அவா அப்படிப் பேசமாட்டா அண்ணாச்சி."

"பிறகு எப்படிப் பேசுவா? சொல்லும்மா, அப்படியே மாத்திருதேன்."

தட்டுச் சத்தம் ஓய்ந்துவிட்டது. அவள் போனோடு தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"அது ஞாபகம் இருந்தா நான் ஏன் அண்ணாச்சி அங்கன வாரேன்?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். வாசலில் டெரன்ஸ் உட்கார்ந்திருக்கிறார், தெருமுனையில் விஜிலா திரும்புகிறாள், அவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை. முடிந்தால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள்.

டெரன்ஸ்: விட்டுட்டுன்னா அதுக்குப் பொறவு...

கிரேசி:

பேராசிரியர்: பாப்பா, சத்தம் போடாதே.

டெரன்ஸ்: (சிரிக்கிறார்)