கத்தரி பிடிக்கிற நேரம்

காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகியும் உடம்பில் தெம்பு வரவில்லை. டாக்டர் மருந்து எழுதாமல் புத்தி சொன்னார். எந்த நேரத்தில் தெம்பாக இருக்கிறது என்று கவனித்து, அதற்கேற்றபடி சின்னச் சின்னதாக வேலையைப் பழக்கிக்கொள்ள வேண்டுமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று முணுமுணுத்தபடிதான் வீடு வந்தேன். ஆனாலும் செய்தேன்.

வீட்டிலேயே துணி தைப்பவள் நான். துணியில் குறி போடும் சாக்பீஸால் மேஜை விளிம்பில் பத்து நாள் கோடு போட்டுப் பார்த்தேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஆள் கெட்டி. வெட்டினதை ஒட்ட முடியாது என்பதால் வெட்டு வேலை அப்போது. மதியம் மிஷினில் தையல், அதுவும் அரை மணிக்கு ஒரு தரம் காலை நீட்டி உட்கார்ந்து. நாலு மணிக்கு மேல் பொத்தான் மட்டும். ஏழு மணிக்கு நான் வெறும் சக்கை. ஒரு சட்டைகூடப் பாழாகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, சொல்லிக்கொள்ள ஆள்தான் இல்லை.

வேற்றூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் ஏழரைக்குக் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்டேன்."

"உடம்பு பரவால்லையா?"

"ம்."

போன மாதம் ஒரு நாள் அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. "நான் பேசறது உனக்குத் தொந்தரவா இருக்கு போல. இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடறேன்."

இல்லையென்று சொல்ல நாக்கு எழவில்லை. "சரி" என்று வந்தது. வைத்துவிட்டாள்.

மறுநாள் ஏழரைக்கு ஃபோன் அதுபாட்டுக்குக் கிடந்தது. மேஜையில் இருந்த கோடுகளைப் பார்த்தேன். ஊரார் சட்டைக்கெல்லாம் நல்ல நேரம் ஒதுக்கிவிட்டு, பெற்ற பெண்ணுக்குச் சக்கையைத் தந்திருக்கிறேன். என்மேலேயே எரிச்சல் வந்தது. அழுதேன். அதற்கும் தெம்பு பத்தவில்லை.

விடிந்ததும் பத்து மணிக்காகக் காத்திருந்து, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. சாயங்காலம் எனக்குப் பேச்சே வரதில்லடி. தொந்தரவுன்னு நீயா நினைச்சுக்காத. பத்து மணிக்குத்தான் நான் மனுஷி."

"பத்து மணிக்கு எனக்குத் தலைக்கு மேல வேலைம்மா. நாலு மணிக்கு டீ குடிக்கப் போவேன். பத்து நிமிஷம் கிடைக்கும்."

நாலு மணி. பொத்தானைத் தவிர வேறெதற்கும் நான் லாயக்கில்லாத நேரம்.

இப்போது மதியத் தையலை விட்டுவிட்டேன். பேசுவதற்காக ரெண்டு மணியிலிருந்து படுத்துக் கிடக்கிறேன். அவசரமாகச் சட்டை கேட்டவர் ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். போகட்டும். அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் இந்த வீட்டில் மனிதக் குரல் கிடையாது.

நேற்று, "சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

சாப்டேன் என்பதோடு நிறுத்தவில்லை. தட்டுகூட எடுக்காமல் அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டேன் என்பதையும், காய்ச்சல் போனதிலிருந்தே அப்படித்தான் சாப்பிடுகிறேன் என்பதையும் சொன்னேன்.