கலங்கரை விளக்கத்தின் அடிக்கதவு

ஒரு கமாகூடத் தப்பாமல் பிழை திருத்துகிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கமா அக்கா’ என்று பெயர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி விளையாடும் ஆட்டங்களுக்கென்றே வந்துகொண்டிருந்த மாத இதழ் அது. அதில் எழுத வருபவர்களுக்கான விதிமுறைகளை வகுத்தவள் அவள்தான். ஆட்டத்தில் வரும் பூதங்களின் பெயர் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்க வேண்டிய பகுதி கட்டத்துக்குள் வர வேண்டும். ‘நீ பயந்து நடுங்குகிறாய்’ என்று எழுதவே கூடாது; பயப்படுவதும் படாததும் விளையாடுகிறவர் பாடு. முக்கியமாக, சாகசக் கதைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். ஆட்டத்தை நடத்துபவர் கடைசியில் திருதிருவென்று விழிக்கக் கூடாது.

ஒரு நாள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நின்றார். பென் டிரைவை நீட்டும்போது கையில் கிரீஸ் கறை.

“எம்பொண்ணு எழுதினதும்மா. காலேஜ்ல ஃபிரெண்ட்ஸோட இதைத்தான் விளையாடிட்டு இருப்பா. உங்க புக்ல வரணும்னு ஆசை அவளுக்கு.”

“அவங்களையே அனுப்பச் சொல்லலாமே சார்?”

“இல்லம்மா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். திரும்பி வரல.”

அவள் அவரை உட்கார வைத்து, பென் டிரைவில் இருந்த கோப்பைத் திறந்தாள். கடல் கொண்ட ஊர் ஒன்று. நடுவில் ஒரு கலங்கரை விளக்கம். பூதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில்; வரைபடத்தின் மேலேயே எழுத்து. விதிமுறைகளில் ஒன்றைக்கூட அந்தப் பெண் மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் படிக்கப் படிக்கக் கால் நனைவது போலிருந்தது. கடைசியில், விளக்கத்தின் அடியில் ஒரு கதவு. உள்ளே யாரோ பாடுகிறார்கள். கதவைத் தள்ளினால் — அதோடு நின்றுவிட்டது.

“கலரெல்லாம் எடுக்கணும் சார். கொஞ்சம் சுருக்கணும்.”

“செய்யுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?”

“முடிவு இல்லையே?”

அவர் திரையில் இருந்த அந்தக் கதவைத் தொட்டுக் காட்டினார். “அது மட்டும் அப்படியே இருக்கட்டுமே.”

“பாக்கறேன் சார்” என்றாள்.

இதழின் ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. “பாதிக் கிணறு தாண்டின மாதிரி இருக்கு. வாசகர்கள் நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. நீயே முடிச்சுடு.” மெக்கானிக்குக்குப் போன் போட்டாள், எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடியில் இருந்தாரோ, எடுக்கவில்லை. அச்சுக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. அவளே எழுதினாள். கதவுக்குப் பின்னால் மூழ்கிய ஊரின் குழந்தைகள். விளக்கை ஏற்றினால் அவர்கள் கரைக்கு வரலாம். எழுதி முடித்தபோது அவள் கண் கலங்கியது. அந்தத் தகப்பனுக்குத் தன்னால் ஆன நன்மை என்றே நினைத்தாள்.

இதழ் வெளிவந்ததும் அவர் வந்தார். முகம் வாடியிருந்தது.

“அவ பேரைப் பெரிசாப் போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.” இதழை மடியில் வைத்துத் தடவினார். “முடிவு நீங்க எழுதினதாம்மா?”

“ஆமா சார். உங்களுக்குப் போன் பண்ணேன்...”

“நானும் அவ அம்மாவும் தினமும் யோசிப்போம், அந்தக் கதவுக்குப் பின்னாடி அவ என்ன வச்சிருப்பான்னு. ஒரு நாள் அவ நாய்க்குட்டி இருக்கும்பேன். இல்ல, என்னைக் கிண்டல் பண்ண ரிப்பேரான லிஃப்ட்டை வச்சிருப்பாம்பா அவ அம்மா. சிரிப்போம்மா, நிஜமாவே சிரிப்போம்.” இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். “இப்போ கண்ணை மூடினா உங்க குழந்தைங்கதான் வர்றாங்க.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“ஐயோ, உங்களை என்ன சொல்ல? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதாம்மா கஷ்டமே.”

அவர் போன பிறகு அவள் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். முடிவு வேண்டும் என்ற விதியை நீக்கியாக வேண்டும் என்று ஆசிரியரிடம் சண்டை போட்டாள். அந்தப் பெண் விட்ட இடத்திலேயே நிறுத்தி மறுபடி அச்சிடவும் சம்மதம் வாங்கிவிட்டாள். அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவர் மனைவி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, “இனிமே எதுக்கும்மா?” என்றாள். கோபமே இல்லாத குரல். “படிச்சதைப் படிக்காத மாதிரி ஆக்க முடியுமா?”

“சார் எப்படி இருக்கார்?”

“இருக்கார். முன்னெல்லாம் சாப்பிட்டு முடிச்சதும் அந்தக் கதவைப் பத்தித்தான் பேசிட்டு இருப்போம். இப்போ சாப்பிட்டதும் டிவியைப் போட்டுடறார்.”

போனில், அந்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது.