ஒன்றுமே செய்யாத மெஹ்ரங்கீஸ்

ஈரானில் சாவே என்னும் எங்கள் ஊரின் மாதுளைச் சங்க அறையில் அன்று மாலை இருந்தவர்கள் நால்வர். கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், தலைவர் ஹாஜி சோஹ்ராப். மூன்று முறை மறுத்த பிறகே உட்கார்ந்தார். ஜன்னலோரம் பள்ளி ஆசிரியை பர்வீன். மேசையருகே செயலாளனாகிய நான், ஈரஜ். வாசலில் கழற்றிய செருப்புகளை ஒட்டி, எத்தனை அழைத்தும் நகராமல், மெஹ்ரங்கீஸ். 'கானும்', அதாவது அம்மா, என்றுதான் அவரை அழைப்போம்.

உறைபனியில் கருகாத மாதுளையை உருவாக்கியவர் அவர்தான். பதினைந்து குளிர்காலம் ஒட்டுக்கட்டிப் பார்த்தார். அந்த வகையைப் பதிவு செய்ய முன்வந்த அயல்நாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்துக்கு, "இந்த எளியவள் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிவிட்டார். பதில் வந்திருந்தது. பர்வீன் படித்துச் சொன்னாள்: "'நீங்க ஒண்ணும் செய்யலைன்னா, உருவாக்கியவர் தெரியாதுன்னு பதியறோம். பத்து நாள் டைம்'னு எழுதியிருக்காங்க."

"போட்டுக்கட்டுமே. மரம் வளர்ந்தா சரி" என்றார் கானும்.

"நல்லா இருக்கு! அந்தப் பனியில நாங்க போர்வைக்குள்ள கிடந்தோம், நீங்கதானே தோட்டத்துல நின்னீங்க?" என்றார் ஹாஜி.

"நான்தான் செஞ்சேன்னு என் வாயால சொல்லணுமா, ஹாஜி ஐயா? அப்புறம் தெருவுல எப்படி நடக்கறது?"

"நீங்க சொல்ல வேண்டாம் கானும். நாங்க சொல்றோம். அதுல தப்பில்லையே?" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப நான் இங்க இருக்கக் கூடாது" என்று எழுந்து, தேநீர் போடப் போனார்.

நான் எழுதினேன்: 'ஐயா, எங்களிடம் ஷெகஸ்தே நஃப்ஸி என்று ஒரு பழக்கம் உண்டு. தன்னைத் தானே உடைத்துக்கொள்வது என்று பொருள். நிறையச் செய்தவர்தான் அதிகம் உடைத்துக்கொள்வார். இவர் "ஒன்றும் செய்யவில்லை" என்றால், முழுவதும் செய்தார் என்று கொள்க. நூற்றெண்பது ஒட்டுகளின் தேதியும் பனியளவும் கொண்ட இவரது நோட்டுப் புத்தகங்களின் நகல் இத்துடன். உருவாக்கியவர்: மெஹ்ரங்கீஸ்.'

மூவரும் கையெழுத்திட்டோம்.

தேநீர்த் தட்டோடு வந்தவர் கடிதத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "கூட்டி எழுதிடலியே?" என்று மட்டும் கேட்டார்.

"ஐயோ, எனக்கு எழுதவே வராதே கானும்."

"உனக்கா வராது!" என்று பர்வீன் சிரித்தாள்.

உறையை ஒட்டி, முத்திரை குத்தி, தெஹ்ரானில் தபாலில் சேர்க்கச் சொல்லி, அங்கே போகும் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன்.