பின்னால் காட்டாத கை

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க."

இந்த வார்த்தைகளை எக்ஸ்ரேக்காரி ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்லிவிடுவாள். பதினோரு வருடமாகச் சொல்கிறாள். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும்; அசைகிற எதைப் படம் எடுத்தாலும் கலங்கித்தான் விழும். அதனால்தான் அந்த இரண்டு விநாடி நிறுத்தம். அதற்குள் அவள் ஈயத் தகடு பதித்த தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்திவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடைந்த எலும்பைத் திரையில் பார்த்தால் அவளுக்கும் அதே இடத்தில் சுருக்கென்று வலிக்கும். மூன்றாம் வருடத்தில் அது நின்றுவிட்டது. இப்போதெல்லாம் ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, இரண்டாகப் பிளந்த இடுப்பெலும்பைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்று சொல்ல முடிகிறது. அவளை யாரும் கல்நெஞ்சக்காரி என்று சொல்லவில்லை. வேகமான கை என்றுதான் பாராட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடைசி ஆளை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் பாபின் ஒற்றைக்காலை ஊன்றி சைக்கிளில் நின்றுகொண்டிருந்தாள். மருத்துவமனைக்கு எதிர்ச்சந்தில் தையல்கடை வைத்திருப்பவள். குள்ளமான உருவம், மிதிக்க ஆரம்பித்தால் கால் இரண்டும் தையல் மிஷினின் நூல்கட்டை மாதிரி கிறுகிறுவென்று சுற்றும். சைக்கிள் குழுவில் அவளுக்குப் பாபின் என்று பெயர் விழுந்தது அதனால்தான். ஆறு மாதத்துக்கு முன் இருவரும் ஒரே நாளில் குழுவில் சேர்ந்தார்கள். நாளைக்கு இருவருக்கும் முதல் பந்தயம்.

"அக்கா, நாளைக்கு யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லிடாதீங்க. நாப்பது கிலோமீட்டர். பாதியிலேயே போய்ச் சேர்ந்துடுவோம்."

"தூங்குடி போய்."

"தூக்கம் எங்க வருது? வயித்துக்குள்ள யாரோ கத்தரி போட்டு வெட்டுற மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

எக்ஸ்ரேக்காரி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

காலை ஆறரைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முப்பத்திரண்டு பேர் நின்றார்கள். புதியவர்களுக்கான பிரிவு, ஆண் பெண் எல்லோரும் ஒன்றாகத்தான். குழுத் தலைவர் முடிகிற இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எல்லோருக்கும் அவர் கேப்டன்.

சைக்கிள் பந்தயத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அது காலின் போட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றின் கணக்கு. வேகமாகப் போகப் போக எதிர்க்காற்று சுவராகிவிடும். முதலில் போகிறவர் அந்தச் சுவரைத் தன் நெஞ்சால் உடைத்துக்கொண்டு போவார். அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டவருக்கோ அந்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆகவே எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஒரே சங்கிலியாகப் போவார்கள். சங்கிலியிலிருந்து இரண்டு முழம் விலகினால் போதும், மறுபடி சுவர்.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. ஒட்டிக்கொண்டு போகிறவருக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுமே தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முதலில் போகிறவர் குழியைக் கண்டால், குழி இருக்கும் பக்கத்துக் கையை இறக்கித் தரையைச் சுட்டுவார். அடுத்தவர் அதைப் பார்த்துத் தானும் சுட்டுவார். அவருக்குப் பின்னால் இருப்பவர், அப்புறம் அவருக்கும் பின்னால் இருப்பவர் என்று அந்தக் கை வால் வரைக்கும் போய்ச் சேரும். வாலில் இருப்பவர் தன் கண்ணை நம்பிப் போவதில்லை. முன்னால் போகும் அத்தனை பேரின் கையையும் நம்பிப் போகிறார். எதிரெதிராகப் போட்டி போடுகிறவர்கள்கூட இந்தக் கையை மட்டும் ஒருவருக்கொருவர் மறுப்பதில்லை.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் சங்கிலி பதினான்கு பேராகத் தேய்ந்திருந்தது. எக்ஸ்ரேக்காரி பதின்மூன்றாவது. அவளுக்குப் பின்னால் பாபின் மட்டும்.

கைப்பிடியில் உடல் எடையைப் போட்டு அழுத்திக்கொண்டே வந்தால், உள்ளங்கையின் அடிமேட்டில் ஓடுகிற நரம்பு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். எக்ஸ்ரேக்காரிக்கு இரண்டு கையிலும் அது ஆரம்பித்திருந்தது. ரயில் பாலம் ஏறும் முன் ஒரு கையால் பாட்டிலை உருவித் தண்ணீர் குடித்தாள். திரும்பச் செருகினாள். பாலத்தில் ஏறி இறங்கினார்கள். இறக்கத்தில் வேகம் நாற்பதைத் தாண்டியது.

அப்போது முன்னாலிருந்து வலது கைகள் வரிசையாக இறங்கின. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. அவளுக்கு நேர் முன்னால் இருந்த மீசைக்காரரும் கையை இறக்கிச் சுட்டினார். அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். முன்சக்கரத்தை ஒரு சாண் இடதுபக்கம் ஒதுக்கினாள். சாக்கடை மூடியைச் சுற்றிச் சாலை உள்வாங்கி உண்டான வாளி அளவுப் பள்ளம் ஒன்று வலது காலுக்கு அருகே கடந்து போயிற்று.

கையை எடுத்தால் மீசைக்காரரின் சக்கரம் விட்டுப்போகுமோ என்று ஒரு நினைப்பு. அரை விநாடி. அவ்வளவுதான். கை கைப்பிடியிலேயே இருந்தது.

பின்னால் தகரத்தட்டு தரையில் விழுந்தாற்போல ஒரு சத்தம். "அம்மா!" என்று ஒரு குரல்.

கூட்டத்தில் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. கண் போகிற பக்கம் கைப்பிடியும் போகும். பக்கத்தில் இருப்பவரையும் சாய்த்துவிடும். நல்ல விதிதான். அந்த விதிக்குப் பின்னால் அவள், தடுப்புக்குப் பின்னால் நிற்பது போல, நின்றுகொண்டாள். மிதித்தாள்.

ஒன்பதாவதாக முடித்தாள்.

"ஒன்பது! முதல் ரேஸ்லயே ஒன்பதா! எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே இத்தனை நாளா?" கேப்டன் அவள் முதுகில் தட்டினார். பந்தயத்தை முடித்த எல்லோருக்கும் தருகிற பதக்கத்தை யாரோ கழுத்தில் மாட்டினார்கள். அதன் கனம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து முதலுதவி வண்டி வந்தது. பாபின் இறங்கினாள். வலது கையை முக்கோணத் துணியில் தொட்டில் கட்டியிருந்தார்கள். கன்னத்தில் சிராய்ப்பு.

"ரோட்டைப் பார்க்காம பறவை பார்த்துக்கிட்டு வந்தியா?" என்றார் கேப்டன். பயத்தில் வந்த கோபம் அது.

"கை எதுவும் தெரியலண்ணா."

"முன்னாடி போறவங்க காட்டாமலா இருப்பாங்க? ஏம்மா எக்ஸ்ரே, நீதானே இவளுக்கு முன்னாடி. காட்டினியா இல்லையா?"

"ம்."

ஒரே ஓர் எழுத்து. உதட்டைக்கூடத் திறக்காமல் சொல்லிவிடக்கூடிய பொய்.

"பாத்தியா? கவனம் இல்லாதவங்களைக் கூட்டத்துல விடக் கூடாது. பத்துப் பேரை இழுத்துக்கிட்டு விழுவாங்க."

"நான்தான் கவனிக்கல போல" என்றாள் பாபின்.

சுளுக்காக இருக்கும், வலி குறையாவிட்டால் படம் எடுங்கள் என்று முதலுதவிக்காரர் சொல்லியிருந்தார். வலி குறையவில்லை. திங்கட்கிழமை காலை வரிசையில் ஏழாவது ஆளாகப் பாபின் உள்ளே வந்தாள்.

"அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எக்ஸ்ரேக்காரி நிமிர்ந்தாள்.

"உங்க கையால படம் எடுத்துக்கணும்னு இருந்திருக்கு அக்கா." பாபின் சிரிக்கப் பார்த்தாள். தோள் அசைந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

எக்ஸ்ரேக்காரி அவளைப் பலகையை ஒட்டி நிற்கவைத்தாள். முகவாயைத் திருப்பிவிட்டாள். விரல்கள் தாமாக வேலை செய்தன.

"யூனிஃபார்ம் துணி இருபத்தாறு செட் அப்படியே கிடக்கு. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள தரணும். இடது கையால கத்தரி பிடிச்சுப் பாத்தேன், எலி கடிச்ச மாதிரி போகுது" என்றாள் பாபின். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "அது கூடப் பரவாயில்லக்கா. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. நீங்க காட்டியிருக்கீங்க, நான் பாக்கல. அப்ப வேற எதையெல்லாம் பாக்காம விடுறேனோ? இன்னிக்கு இங்க வர ரோட்டைத் தாண்டணும். ரெண்டு பக்கமும் காலி. ஆனா அஞ்சு நிமிஷம் நின்னுட்டேன்."

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் வந்தது. கழுத்தடியிலிருந்து தோள் வரை ஓடுகிற காறை எலும்பு. கையையும் உடம்பையும் பிணைத்து வைத்திருக்கிற ஒரே எலும்புப் பாலம் அதுதான். தோள் தரையில் மோதினால் அத்தனை வேகமும் அந்த விரல் பருமன் எலும்பின் வழியாகத்தான் நெஞ்சுக்குப் போக வேண்டும். நடுவில், அது வளைகிற இடத்தில், முறிந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. ஆறு வாரமாவது ஆகும்.

"அக்கா..." அடக்கிய குரல் கேட்டது. "விடலாமா?"

எக்ஸ்ரேக்காரி திடுக்கிட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதைச் சொல்ல மறந்திருந்தாள். பாபின் முகம் சிவக்க, சொன்ன சொல்லை நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"விடு" என்றாள். "விடுடி."

பாபின் போன பிறகு பதிவேட்டை எடுத்தாள். பெயர், வயது, உறுப்பு, காரணம். காரணத்தில் டாக்டரின் சீட்டைப் பார்த்து எழுத வேண்டும்: 'ரயில் பாலத்தை அடுத்த குழியில் விழுந்து.' அந்த வார்த்தைகள் கைக்குப் பழக்கப்பட்டவையாக இருந்தன. பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஒரு பால்காரர், மணிக்கட்டு. ஒரு கல்லூரி மாணவி, முழங்கால். ஒரு கிழவர், இடுப்பு. அதே பாலம், அதே குழி, அவளுடைய அதே உருண்டைக் கையெழுத்து. பாபின் நான்காவது.

புதன்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடைக்குள் குழு கூடியது. பெரிய குழு இல்லை. அன்று வந்தவர்கள் கேப்டன், எக்ஸ்ரேக்காரி, கட்டுப்போட்ட பாபின், அப்புறம் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர்.

கேப்டன் தாளைப் பிரித்தார். "அடுத்த ரேஸுக்குப் பேர் கொடுக்கணும். பாபின், நீ வருத்தப்படாதே. கை சரியானாலும் உன்னைக் கூட்டத்துல சேக்குறதா இல்ல. தனியா ஓட்டிப் பழகு."

"சரிண்ணா." பாபின் தரையைப் பார்த்தாள். "நானும் அதான் நினைச்சேன்."

"நான் காட்டல" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"என்னது?"

"குழியை. மீசைக்காரர் காட்டினார். நான் பாத்தேன். நான் ஒதுங்கிட்டேன். அவளுக்குக் காட்டல. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

கடைக்காரரின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் விரலை வைத்து அதை நிறுத்தினார்.

"கை மரத்துப் போயிருந்துச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"மரத்த கையாலதான் அக்கா தண்ணி குடிச்சீங்க?" பாபினின் குரல் உயரவே இல்லை. "பாலத்துக்கு முன்னாடி. பின்னாலயேதான வந்தேன். உங்க முதுகைத் தவிர நான் வேற எதையுமே பாக்கல. அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமா."

"மூணு நாளா எனக்குப் பைத்தியம்னே நினைச்சுக்கிட்டேன்."

எக்ஸ்ரேக்காரிக்கு வலது காறை எலும்பில் சுருக்கென்றது. அங்கே கையை வைத்துக்கொண்டாள்.

கேப்டனுக்கு முகம் கறுத்தது. "மனுஷிதானா நீ? ஒரு கை! அரை செகண்ட்! கண்ணால பாத்துட்டு எப்படிம்மா சும்மா போக முடிஞ்சுது?"

"எனக்கும் தெரியல. அது மட்டும் இல்ல. அந்தக் குழியில விழுந்தவங்க இவளோட சேத்து நாலு பேர். நாலு பேரையும் நான்தான் படம் எடுத்தேன். எந்த இடம்னு என் கையாலயே எழுதினேன். எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். யாருக்கும் சொல்லல."

"எந்தக் குழி?" என்றார் கேப்டன். குரல் இறங்கியிருந்தது. "பாலம் இறங்கின உடனே, சாக்கடை மூடிகிட்டயா?"

"அதான்."

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "மழைக்காலத்துலேர்ந்து கிடக்குதே அது. நான் தினம் எட்டுத் தடவை அந்தப் பக்கம் பஸ் ஓட்டுறேன். வண்டி தூக்கிப் போடுமேன்னு லேசா ஒடிச்சு ஒதுக்கிடுவேன். என் பஸ்ஸுல ஒருத்தருக்குக்கூட அடிபட்டது இல்லன்னு பெருமையா வேற பேசிக்கிட்டிருந்தேன்."

பாபின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேருமே நல்லா ஒதுங்கத் தெரிஞ்சவங்க. ஆனா ஒதுங்கினா நீங்க மட்டும்தான தப்பிப்பீங்க? குழி அங்கேயேதான இருக்கும், அடுத்தவங்களுக்காக. ஆபத்தைப் பாத்தவங்க, பின்னால வர்றவங்களுக்குச் சொல்லியே ஆகணும். பாத்துட்டுச் சொல்லாம போறது, கையால பிடிச்சுத் தள்ளிவிடுறதுக்குச் சமம்தான்."

"என்னை மன்னிச்சிடு" என்றாள் எக்ஸ்ரேக்காரி.

"அது வர்றப்ப வரும். இப்ப வரல." பாபின் கேப்டன் கையிலிருந்த தாளை இடது கையால் இழுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, எக்ஸ்ரேக்காரியின் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. ரோடு ஆபீசுக்கு. விழுந்த நாலு பேரு, தேதி, எலும்பு எல்லாம் போடுங்க. பஸ் டிரைவரும் கையெழுத்துப் போடட்டும். எனக்குத்தான் கை வராதே."

எக்ஸ்ரேக்காரி பேனாவை எடுத்தாள்.

"முதல் வரி நான் சொல்றேன்" என்றாள் பாபின். "'இந்தக் குழியைப் பல மாதமாகப் பார்த்தும் சொல்லாமல் இருந்தோம்.'"

"அது எதுக்கும்மா மனுல?" என்றார் கேப்டன் சங்கடத்தோடு.

"இருக்கட்டும்ணா. அதைப் படிக்கப்போற அதிகாரியும் அந்தப் பாலம் வழியாத்தான் வீட்டுக்குப் போவாரு. அவரும் ஒதுங்கித்தான் போயிருப்பாரு."