பாட்டுக்குள் பாறையைக் காணோம்

நாலாவது நொடியிலேயே கத்திரிக்குத் தெரிந்துவிட்டது. பாட்டுக்குள் பாறை இல்லை!

வானொலி நிலையத்தில் ஒலித்தொகுப்பு அவள் வேலை. வெட்டுகிற வேகத்தைப் பார்த்து அங்கே வைத்த பேர்தான் கத்திரி. இன்று காலை அவள் உட்கார்ந்திருந்தது விசாரணை அறையில், ஊர்க்காரர்கள் தரப்பு பெஞ்சில். மேஜை மேலிருந்த குட்டி ஸ்பீக்கரில் அவளுடைய தாய்மாமா பாடிக்கொண்டிருந்தார். ஏரியில் பயணிகள் படகு ஓட்டுகிறவர்.

"பனி மூடிப் போச்சு, நான் இங்கே!"

மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அடுத்த வரி வந்து விழுந்தது.

"கண்ணு தெரியலே, வழி சொல்லு!"

இரண்டுக்கும் நடுவே எதிர்க்கரைப் பாறை "இங்கே... இங்கே" என்று திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். மூடுபனியில் கண் தெரியாதபோது படகுக்காரர்கள் பாடுவது இது. பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்பதை வைத்தே கரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பாறைக்கென்று ஓர் இடம் விட்டுவைத்திருந்தார்கள்.

அந்தப் பாறையை வெடி வைத்து உடைக்கத்தான் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். இன்று பதினொரு மணிக்கு முடிவு. எதிர்ப்புக்கு இருந்த ஒரே சாட்சி இந்தப் பதிவு.

குவாரி வக்கீல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாறை பதில் பேசும்னு மனுவில எழுதியிருக்காங்க மேடம். அதுக்கு இன்னிக்கு லீவு போல!"

அறை சிரித்தது. கத்திரிக்குக் காது சூடேறியது. யார் செய்த வேலை என்று அவளுக்குத் தெரியும். நிலையத்தில் ஒரு நொடிக்கு மேல் சத்தமில்லாமல் இருந்தால் திட்டு விழும். அதனால் எந்தப் பதிவு வந்தாலும் முதலில் இடைவெளி வெட்டுகிற பட்டனைத் தட்டுவாள், மெல்லிய ஒலியெல்லாம் தானாக வெட்டுப்பட்டுவிடும். நேற்றும் போனில் பேசிக்கொண்டே தட்டியிருக்கிறாள். பாறையின் குரல் மெல்லியதுதானே! போதாக்குறைக்கு, மூலப் பதிவின் மேலேயே சேமித்தும் தொலைத்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரலை அவள் கையே குப்பையில் போட்டுவிட்டது.

"வேற சாட்சி இருக்கா?" விசாரணை அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

கத்திரி எழுந்தாள்.

"தப்பு என்னோடது மேடம். பாறை பதில் சொல்லிச்சு, நான்தான் வெட்டிட்டேன். ஜீப்ல பத்து நிமிஷம், நேர்ல வந்து கேட்டுப் பாருங்க. பதினோரு மணிக்கு ஏரியில காத்து எழும்பும். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காது."

"நாளைக்கு மழையைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க," என்றார் வக்கீல்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து. பேனாவை மூடினார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. வக்கீல் சார், நீங்களும் வாங்க."

ஜீப்பில் ஏறியதும் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, படகு எங்கே?"

"நடு ஏரியில. பதினாலு பேர், ரெண்டு சைக்கிள், பல் வலியில ஒருத்தர். என்னம்மா?"

"எல்லாரையும் இறக்கிட்டு உடனே துறைக்கு வாங்க. பாடணும்."

"சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி என் பாட்டை யாரும் கேட்டதில்லையே!"

"மாமா!"

"வர்றேன், வர்றேன். கத்தாதே."

வளைவு திரும்பியதும் ஏரி முழுசாகத் தெரிந்தது. பச்சைத் தண்ணீர், அதன் விளிம்பில் செங்குத்தாகக் கருத்த பாறை, அதன் இடுக்கெல்லாம் வெள்ளைப் பறவைகள். எட்டு வருஷமாக இந்த வளைவைத் தினமும் பஸ்ஸில் தாண்டியிருக்கிறாள், போனைப் பார்த்துக்கொண்டே. இன்று பார்த்தாள். பார்த்த கண் துறையின் கொடிக்கம்பத்துக்கு ஓடியது.

கொடி அசைந்தது. மணி பத்து நாற்பத்தைந்துதான்!

ஜீப் துறையில் நின்றதும் மாமா படகைக் கட்டிவிட்டுக் கையைக் குவித்துப் பாடினார். "நான் இங்கே!" காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி பாடினார். அதே இரைச்சல்.

"போதும் மேடம்," என்று வக்கீல் ஜீப் கதவைத் திறந்தார்.

மாமா பாறையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். "அம்மா, படகுல ஏறுங்க. பாறைக்குக் கீழே காத்து வராது. கிட்டப் போனா காதுல விழும்."

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் வக்கீல் அவசரமாக.

"எனக்கும்தான்," என்று அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

வக்கீல் கரையிலேயே நின்றுவிட்டார். பாதி ஏரி தாண்டியதும் மாமா இயந்திரத்தை அணைத்தார். துடுப்பால் படகை மெல்லத் தள்ளிக்கொண்டே பாடினார்.

"பனி மூடிப் போச்சு, நான் இங்கே!"

ஒன்று. கத்திரி விரலை மடக்கினாள். இரண்டு. சொல்லு, சொல்லித் தொலை!

"...இங்கே."

அதிகாரியின் தலை நிமிர்ந்தது. மாமா அடுத்த வரியைப் பாடினார். பதில் இன்னும் சீக்கிரம் வந்தது. அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். பாறை பக்கத்தில் வர வர இரண்டு குரலும் நெருங்கி, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பாடுகிற மாதிரி ஆனது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் நூறடி இருக்குமா?" என்றார்.

"தொண்ணூறு," என்றார் மாமா. "பழகிட்டீங்களே!"

அதிகாரி பாறையை அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்குக் கையெழுத்து இல்லை. ஆனா இது ஃபைலுக்கு வேணும். முழுசா. அடுத்த வாரம் திரும்ப உட்காருவோம். அதுவும் இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கத்திரி பதிவுக் கருவியை எடுத்தாள். படகுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் சிற்றலைகளாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. காற்று பாறை மறைவுக்குள்ளும் நுழைய இன்னும் எத்தனை நிமிஷமோ. மாமா படகைக் கொஞ்ச தூரம் பின்னால் கொண்டுபோய் முதலிலிருந்து பாடினார். கடைசி வரி முடிந்தது. சத்தமில்லை. அவள் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் நிறுத்தும் பட்டனுக்குப் போயிற்று.

இடது கையால் அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாறைக்காகக் காத்திருந்தாள்.